வீணைக்கான ஸ்வரக்குறிப்புச் செயலி: பக்கம் திருப்புவது

வணக்கம். காரைக்குடியில் வீணை வகுப்புக்காக டேப்லெட் செயலி வடிவமைக்கிறேன், பக்கம் திருப்ப புளூடூத் பெடல் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாதுங்க. சம்மணமிட்டு உட்கார்ந்தவர் பெடலை எப்படி மிதிப்பார்? தானாக நகர்வதும் ஒத்துவராது. ஒரே சங்கதியை, அதாவது ஒரு வரியின் மாறுபட்ட வடிவத்தை, எத்தனை முறை வாசிப்போம் என்று செயலிக்குத் தெரியாது.

பாதிப் பக்கமாகத் திருப்புங்கள். கீழ்ப்பாதியை வாசிக்கும்போதே மேலே அடுத்த பக்கம் வந்துவிட வேண்டும். திறந்த தந்தியை மீட்டும் நொடியில் இடது கை சும்மாதான் இருக்கும். திரையில் எங்கே தட்டினாலும் திரும்பட்டும். ஆவர்த்தனத்தின் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) நடுவில் மட்டும் வரியை உடைக்காதீர்கள்.

அப்புறம், தாரஸ்தாயிப் புள்ளி, அதாவது மேல் ஸ்தாயி ஸ்வரம் என்று காட்ட எழுத்தின் மேல் வைக்கும் புள்ளி. தமிழில் 'ப' மேல் புள்ளி வைத்தால் 'ப்' ஆகிவிடுகிறது, பிள்ளைகள் குழம்புவார்கள். அதை எழுத்தோடு சேர்க்காமல், சற்று உயரத்தில் சிவப்பில் தனியாக வரையுங்கள்.