அறுபது வயதுக்கு மேல் பாலினம் மாறினால் ஒரு பாடகரின் தொழில் என்ன ஆகும்?

அமெரிக்கானா (அமெரிக்க நாட்டுப்புற, கன்ட்ரி வேர்களிலிருந்து வந்த இசை) பாடகர் சிட்னி புல்லென்ஸைப் பார்த்தால் புரியும். 1970களில் சிண்டி என்ற பெயரில் எல்டன் ஜானின் மேடைகளில் பின்னணி பாடியவர். 1978-ல் வந்த ‘கிரீஸ்’ படத்தின் இசைத்தட்டில் மூன்று பாடல்களுக்கு முதன்மைக் குரல் இவருடையதுதான். படத்தைத் தலைகீழாக ஒப்பிப்பவர்களுக்கும் இவர் பெயர் தெரியாது என்பது வேறு விஷயம். அதே ஆண்டு முதல் ஆல்பம். அப்புறம் சிறந்த ராக் பாடகிக்கான கிராமி பரிந்துரை.

1996-ல் அவருடைய 11 வயது மகள் புற்றுநோயில் இறந்துபோனாள். அந்தத் துக்கத்தில் எழுதிய பாடல்கள் 1999-ல் ஆல்பமாக வந்தன. என்னைக் கேட்டால், பாடலாசிரியராக அவர் நிமிர்ந்தது அங்கேதான்.

அறுபதைத் தாண்டிய பிறகு திருநம்பியாக வெளிப்பட்டார். பாடகருக்கு இதில் பெரிய சிக்கல் குரல். ஆணாக மாற மருந்தாக எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குரல்நாண்களைத் தடிக்க வைக்கும். குரல் இறங்கும், மருந்தை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாது. முன்பு சுலபமாக எட்டிய மேல் ஸ்வரத்தில் குரல் உடையும். பழைய பாட்டுகளைச் சுருதி இறக்கி, மூச்சு எடுக்கும் இடத்தையும் மாற்றித்தான் பாட வேண்டும். நாற்பது வருடப் பழக்கத்தை அழித்து எழுதுகிற வேலை, சும்மா இல்லை.

சரி, தொழில் நின்றதா? இல்லை. தன் வாழ்க்கையையே தனிநபர் மேடை நிகழ்ச்சியாக்கினார். சிட்னி என்ற பெயரில் முதல் ஆல்பம் 2020-ல் வந்தது, தன்வரலாறு 2023-ல்.