பழியை எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டாம்

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகன் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறான். வாடிக்கையாளரிடம் போன ஒரு லாட் (ஒரே தொகுதியாகச் செய்து அனுப்பிய சரக்கு) முழுக்க ரிஜெக்ட் ஆகித் திரும்பிவிட்டது. ‘என் கவனக்குறைவால்தான் நஷ்டம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ராஜினாமாவும் கொடுத்துவிடு என்கிறார்களாம். ‘பெரிய இடத்தோடு எதற்கு வம்பு, கொடுத்துவிட்டு வந்துவிடட்டும்’ என்கிறார் அப்பா.

அம்மா, அந்தக் கடிதத்தில் உங்கள் மகன் கையெழுத்துப் போடக் கூடாது. ராஜினாமாவும் இப்போது வேண்டாம். ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் பிறகு எங்கே போனாலும் அந்தக் காகிதம்தான் முதலில் பேசும். தானாக விலகினான் என்று ஆகிவிட்டால் சட்டத்தில் அவனுக்கு இருக்கும் பிடியும் தளர்ந்துவிடும்.

‘தப்பு நிஜமாகவே இவன் மேல் இருக்குமோ’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு லாட் முழுக்கத் தவறாக வாசலைத் தாண்டுகிறது என்றால் ஒருவன் கை மட்டும் அதில் இருக்காது. முதல் பீஸைப் பார்த்து ஓகே செய்தது யார்? அளக்கும் கருவியான கேஜுக்குக் காலிபரேஷன் (அது சரியாக அளக்கிறதா என்று பார்க்கும் சோதனை) தேதி முடிந்திருந்ததா? ஆள் இல்லாமல் இரண்டு மெஷினை ஒருவனிடம் கொடுத்தது யார்? ‘ஓட்டு, பார்த்துக்கலாம்’ என்று சொன்னது யார்? ஒரு கோளாறுக்கு ‘ஏன், ஏன்’ என்று ஐந்து முறை கேட்க வேண்டும் என்று அந்தத் தொழிற்சாலைகளிலேயே பயிற்சி கொடுக்கிறார்கள். ஆனால் இரண்டாவது ‘ஏன்’ மேலாளர் மேசையை நெருங்கும்போது கேள்வி நின்றுவிடுகிறது. ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். தரக் கட்டுப்பாட்டில் ஜப்பானுக்கே பாடம் சொன்ன டெமிங், கோளாறுகளில் 94 விழுக்காடு நிர்வாகம் அமைத்த முறையால் வருபவை என்று மதிப்பிட்டார். 1956-இல் அரியலூர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி அமைச்சர் பதவியை விட்டார். ரயிலை ஓட்டியது அவர் இல்லையே!

அதற்காகத் தம்பி எதுவுமே செய்யவில்லை என்று சாதிக்கவும் கூடாது. ஒரு அளவை அவன் பார்க்காமல் விட்டிருந்தால் அதை மட்டும் ஒரு வரியில் ஒப்புக்கொள்ளட்டும். மற்றபடி எந்த ஷிப்ட், யார் சொன்னது, யார் ஓகே செய்தது என்று தேதியோடு எழுதி எச்.ஆரிடம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பலாம். யாரையும் திட்டி ஒரு சொல் வேண்டாம். வாட்ஸ்அப்பில் சூப்பர்வைசர் அனுப்பிய செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கம்பெனி நடவடிக்கை எடுப்பதானால் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, விளக்கம் கேட்டு, விசாரணை நடத்தட்டும். விசாரணைக்காக சஸ்பெண்ட் செய்தாலும் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாகத் தர வேண்டும். நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடிப்பதற்குக்கூட முதலில் அவன் பதிலைக் கேட்டாக வேண்டும். 1936-ஆம் வருடச் சம்பளச் சட்டத்திலிருந்தே தொடர்ந்து வரும் விதி இது.

ஒன்றை மட்டும் இன்றே பாருங்கள். அவனை வேலைக்கு எடுத்தபோது கொடுத்த ஆர்டரில் என்ன போட்டிருக்கிறது? நிரந்தரத் தொழிலாளியா, காண்ட்ராக்டா, அப்ரெண்டிஸா? 1961-ஆம் வருட அப்ரெண்டிஸ் சட்டப்படி பயிற்சியில் இருப்பவர் தொழிலாளி ஆக மாட்டார். அவருக்கு வழி வேறு. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் ஆர்டரைப் படிக்காமலே வேலைக்குச் சேர்ந்துவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய கவலை.

வேலையை விட்டு நிறுத்திவிட்டால், வேலை பார்த்த இடம் ஓசூர் என்பதால் கிருஷ்ணகிரி மாவட்டத் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுக்க வேண்டும். வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இலவச சட்ட உதவி உண்டு.

இதற்கிடையில் வேறு வேலையும் தேடட்டும், தவறில்லை. இன்டர்வியூவில் கேட்டால் பழைய கம்பெனியைக் குறை சொல்லாமல், ‘ஒரு லாட் ரிஜெக்ட் ஆனது, என் பங்கு இது, அதற்குப் பிறகு நான் செக் பண்ணும் முறையை இப்படி மாற்றினேன்’ என்று சொல்லிப் பழகட்டும். அப்புறம் அவனும் ஒரு கேள்வி கேட்கலாம்: ‘இங்கே ரிஜெக்‌ஷன் வந்தால் எப்படி விசாரிப்பீர்கள்?’ எதிரில் இருப்பவர் முதலில் ஆபரேட்டரைப் பற்றிப் பேசுகிறாரா, முறையைப் பற்றிப் பேசுகிறாரா என்று கவனித்துவிட்டு ஆர்டரை வாங்கட்டும்.