கவுன்சில் வழியாகப் புது அதிகாரம் கேட்பது: கேள்வி பதில்

'இந்த அதிகாரத்தை எங்கள் கவுன்சிலுக்குக் கொடுங்கள்' என்று ஊர்மக்கள் தங்கள் கவுன்சில் மூலமாக அரசிடம் கேட்க இங்கிலாந்தில் ஒரு சட்டம் இருக்கிறது: சஸ்டெய்னபிள் கம்யூனிட்டீஸ் சட்டம், 2007. அதைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி பார்க்கிங். சரி, தொடங்குவோம்.

சுகந்தி, ஹாரோ: அண்ணா, எங்கள் தெருவே சேர்ந்து ஒரு யோசனை கொடுத்தால் கவுன்சில் அதை அனுப்பித்தான் ஆக வேண்டுமா?

இல்லை. முதலில் அவர்கள் பார்ப்பது, 'இதைச் செய்ய நமக்கு ஏற்கெனவே அதிகாரம் இருக்கிறதா?' என்பதைத்தான். பெரும்பாலான யோசனைகள் அங்கேயே விழுந்துவிடும். 2011 லோக்கலிசம் சட்டத்துக்குப் பிறகு, தனிமனிதர் செய்யக்கூடிய எதையும் பொதுவாகக் கவுன்சிலும் செய்யலாம். ஆகவே எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு கவுன்சிலின் கையைக் கட்டுகிறது என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். அதை எழுத முடியவில்லை என்றால் உங்களிடம் இருப்பது கோரிக்கை, யோசனை அல்ல.

அதைத் தாண்டினால் கவுன்சில் ஊர்மக்கள் சார்பில் வருபவர்களோடு பேசி உடன்பாட்டுக்கு வர முயல வேண்டும். காதால் கேட்டுவிட்டுப் போனால் போதாது. முதல் சுற்றில், 2009 ஜூலைக்குள், சுமார் 300 யோசனைகள் வந்தன. உள்ளாட்சிச் சங்கமான எல்ஜிஏ சலித்து 199-ஐ அரசுக்கு அனுப்பியது. இது மனு அல்ல. ஆயிரம் கையெழுத்து வாங்கினாலும் பிரிவு எண் இல்லாவிட்டால் பயனில்லை.

குமார், குரோய்டன்: 20 மைல் வேக வரம்பு?

ஏற்கெனவே அதிகாரம் உண்டு. கவுன்சிலரிடம் போங்கள்.

ஜெயா, வெம்பிளி: நடைபாதையில் கார் நிறுத்துகிறார்கள்.

லண்டனில் 1974 சட்டத்திலிருந்தே பொதுவாகத் தடை. அபராதம் போடச் சொல்லுங்கள். புது அதிகாரம் வேண்டாம்.

பெயர் வேண்டாம், இல்ஃபோர்ட்: பக்கத்து வீட்டில் அறை அறையாக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்...

2004 வீட்டுவசதிச் சட்டத்தில் உரிம முறை இருக்கிறது. இன்னொரு முறை சொல்கிறேன்: முதலில் இருக்கும் அதிகாரத்தைப் பாருங்கள்!

நிர்மலா, ஈஸ்ட் ஹாம்: எங்கள் ஹை ஸ்ட்ரீட் (கடைத்தெரு) பெட்டிங் ஷாப்புகள் (பந்தயக் கடைகள்) விஷயத்தில் இந்தச் சட்டம் ஏதாவது சாதித்ததா?

நல்ல கேள்வி. 2005 சூதாட்டச் சட்டப்படி ஒரு கடையில் நான்கு சூதாட்ட இயந்திரங்கள்தான் வைக்கலாம். கூடுதலாக வேண்டுமா, அதே தெருவில் இன்னொரு கடை திற. அப்போது அதில் ஒரு சுழற்சிக்கு 100 பவுண்டு வரை கட்ட முடிந்தது. கவுன்சில் மறுக்கவும் வழி குறைவு. உரிமம் கொடுக்கும் நோக்கோடு அணுக வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. 2013-இல் உங்கள் நியூஹாம் கவுன்சில் ஒரு கடைக்கு உரிமம் மறுத்து, மேல்முறையீட்டில் தோற்றது.

பிரிவு எண்ணோடு கை கட்டப்பட்டிருந்தது என்றால் இதுதான். 2014-இல் நியூஹாம் தலைமையில் 93 கவுன்சில்கள் அந்த 100 பவுண்டு உச்சவரம்பை 2 பவுண்டு ஆக்கச் சொல்லி இந்தச் சட்டத்தின் கீழ் அனுப்பின. 2015 ஜூலையில் அரசு மறுத்தது. 2018 மே மாதம் அதே 2 பவுண்டை ஏற்றது. ஆனால் அமலாக்கத்தை 2019 அக்டோபர் வரை தள்ளியதைக் கண்டித்து அமைச்சர் டிரேசி கிரவுச் பதவி விலகினார்; அதன்பின் 2019 ஏப்ரல் 1-இல் அமலானது.

நிர்மலா மறுபடி: அப்படியென்றால் இந்தச் சட்டத்தால் கிடைத்தது மறுப்புதானே? வென்றது பிரசாரம்.

ரவி, பெட்டிங் ஷாப்பில் வேலை பார்த்தவர்: வென்றதா? எங்கள் கடையை மூடினார்கள். ஆட்கள் போனில் விளையாடுகிறார்கள். யாருக்கு லாபம்?

ரவி தம்பி, வேலை போனதை மறுக்கவில்லை. 2019 ஜூலையில் ஒரு நிறுவனம் மட்டுமே சுமார் 700 கடைகளை மூடுவதாக அறிவித்தது. ஆனால் போன் சூதாட்டத்துக்கு உரிமம் கொடுப்பது சூதாட்ட ஆணையம். கவுன்சிலால் தொடக்கூட முடியாததற்கு ஹை ஸ்ட்ரீட்டை அப்படியே விட்டிருக்க வேண்டுமா?

நிர்மலா அக்கா, அரசு ஒத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, உண்மை. ஆனால் 93 கவுன்சில்கள் ஒரே எண்ணைக் கேட்டது பதிவில் நின்றது; பிறகு வந்தவர்கள் புது எண் தேட வேண்டியிருக்கவில்லை. பிரசாரம் வேறு, இது வேறு என்று பிரிக்க எனக்கு மனமில்லை.

ரவி: நீங்கள் ஹை ஸ்ட்ரீட்டில் வேலை தேடிப் பார்த்ததில்லை.

அது சரி. இதைத் தனியாகப் பேசுவோம்.

சிவா, டெர்பி: பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளுக்கு வரி?

உங்கள் ஊர்தான் 2014-இல் முன்னின்று கேட்டது: வரி மதிப்பு (வரிக்காகக் கணக்கிடும் ஆண்டு வாடகை) 5 லட்சம் பவுண்டுக்கு மேலான கடைகளுக்கு, அந்த மதிப்பில் 8.5 சதவீதம் வரை. கிடைக்கவில்லை.

கிராமத்துக்காரர், கென்ட்: எங்கள் பாரிஷ் கவுன்சில்?

2013 முதல் நேரடியாக அனுப்பலாம்.

தேவன், கிளாஸ்கோ: இங்கே?

ஸ்காட்லாந்துக்கு 2015 கம்யூனிட்டி எம்பவர்மென்ட் சட்டம். அது என் துறையில்லை.

மாலா, ஹேய்ஸ்: பார்க்கிங் பெர்மிட் விலையை...

மேலே படியுங்கள்.

சுகந்தி மறுபடி: கடைசியாக, யாருக்கு எழுதுவது?

கவுன்சிலின் டெமாக்ரடிக் சர்வீசஸ் (கவுன்சில் கூட்டங்களைக் கவனிக்கும்) அலுவலகத்துக்கு. வார்டு கவுன்சிலருக்கு நகல் வையுங்கள். இரண்டு பக்கம் போதும், சட்டப் பிரிவு எண் முதல் பத்தியில்.