குளத்துக்குப் போனால் முதலில் சேற்றோரம்

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளைப் பறவை பார்க்கக் கூட்டிப் போகலாம் என்றிருக்கிறேன். வேடந்தாங்கல் எங்களுக்குத் தொலைவு. பக்கத்தில் ஏதாவது அணைக்குப் போகலாமா, குளத்துக்கா? பைனாகுலர் வாங்கியே ஆக வேண்டுமா?
- ஒரு வாசகி, அவிநாசி

பதில்: குளத்துக்கே போங்கள். அணையில் தண்ணீர் ஆழம். குளிர்காலத்தில் வலசை வரும் உள்ளான் போன்ற சிறு கரைப்பறவைகளுக்குக் கணுக்கால் அளவுத் தண்ணீரும் சேறும்தான் வேண்டும். புழு பூச்சி அங்கேதான் கிடைக்கும். உங்களுக்குத் திருப்பூர் நஞ்சராயன் குளம் இருக்கிறதே! 2022-ல் பறவைகள் சரணாலயமானது, 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

காலை ஆறரைக்கே போய்விடுங்கள். கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். போனதும் பிள்ளைகள் கூழைக்கடாவைத்தான் தேடுவார்கள். அது பெரிய பறவை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் சேற்றோரத்தில் அசையாமல் உட்காருங்கள். பின்பக்கத்தை விடாமல் மேலும் கீழும் ஆட்டியபடி ஒன்று தனியாகக் கரையோரம் நடந்தால், அது உள்ளான். தோளுக்கு முன்னால் வயிற்றின் வெள்ளை ஒரு கீற்றாக மேலேறியிருக்கும். கொசு உள்ளான் கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள். சிட்டுக்குருவி அளவுகூட இருக்காது, ஆர்க்டிக் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறது! அதிர்ஷ்டம் இருந்தால் இமயமலையைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்தும் கிடைக்கும். வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள்தான் அடையாளம்.

பைனாகுலரை முதல் தடவைக்கு யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு வாங்குவதானால் எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது போதும். பத்து மடங்கு காட்டுவதில், பிள்ளைகள் கை நடுக்கத்தில் காட்சி ஆடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிக் கூட்டிப் போங்கள். பறக்கும்போது படம் எடுக்க வேண்டும் என்று கை தட்டுகிறவர்களையும் கல் எறிகிறவர்களையும் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. மார்ச், ஏப்ரலில் திரும்பிப் போவதற்கான கொழுப்பை வலசைப் பறவைகள் இங்கே தின்றுதான் சேர்க்கின்றன. ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அதில் கொஞ்சம் கரைந்து போகிறது.

பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனால் ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், யாரும் சேரலாம். குறைந்தது 15 நிமிடம் பார்த்து, எண்ணி, பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியலைப் பதியும் இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் பதிய வேண்டும். அடையாளம் தெரியாத பறவைக்கு ஊகித்துப் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.