தாடியும் தாலியும்

கேள்வி: 'ரோசலி' என்ற பிரெஞ்சுப் படம் பார்த்தேன். 1870-களில் நடக்கும் கதை. முகத்தில் தாடி வளரும் பெண் ஒருத்தி அதை மழித்து மறைத்துக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அப்புறம் மறைப்பதையே விட்டுவிடுகிறாள். நம் மரபுக்கு ஒட்டாத இப்படியொரு நாயகியைத் தமிழில் வைத்தால் யார் பார்ப்பார்கள்?
- வாசகர் ஒருவர், குமுளி

பதில்: குமுளியில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! சித்திரா பௌர்ணமியன்று உங்கள் ஊரில் ஜீப்புக்கு வரிசை கட்டி நிற்கிறார்களே, மங்கலதேவி மலையில் யாரைப் பார்க்க? கண்ணகியைத்தானே! (கூடலூர்ப் பக்கம் பளியன்குடி வழியாக நடந்தே ஏறுகிறவர்கள் தனி.) வேங்கை மரத்தடியில் ஒரு முலை இழந்து வந்து நின்றவளைக் கண்ட குறவர்கள், இதென்ன கோலம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. தெய்வமென்று குரவை ஆடினார்கள். காரைக்கால் அம்மையாரோ பேயுருவத்தைக் கேட்டே வாங்கிக்கொண்டவர். வற்றிய மார்பும் துருத்திய எலும்புமாக அவரை வார்த்த சோழர் காலத்துச் சிற்பிக்கும் கை கூசவில்லை. மரபின்மேல் பழியைப் போடாதீர்கள்.

ஆனால் ஒன்று. கண்ணகி பதினான்காம் நாள் விண்ணேறிவிட்டாள். அம்மையாரின் கணவன் வேறொருத்தியைக் கட்டி, குழந்தையும் குடும்பமுமாக வந்து இவர் காலில் விழுந்தான். இவர் கயிலைக்குத் தலையால் நடந்தார். கோலம் மாறியவள் வீட்டில் தங்குவதில்லை. நமக்கும் கும்பிட்டுவிட்டு வர வசதி. ரோசலி எங்கேயும் போவதாக இல்லை. கடனில் மூழ்கிய கணவனின் மதுக்கடையில் தாடியோடு நின்று வியாபாரம் பார்க்கிறாள். அவன் தன்னை ஆசையோடு பார்க்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறாள். உங்கள் தொண்டையில் சிக்கியது அந்த ஆசைதான் என்று எனக்குச் சந்தேகம்.

அந்தப் படத்துக்குத் தூண்டுதலே நிஜத்தில் வாழ்ந்த ஒரு பெண், கிளெமான்தின் டெலே (1865–1939). பிரான்ஸின் வோஜ் பகுதிக்காரர். தன் கடைக்கே 'தாடிக்காரி கஃபே' என்று பெயர் வைத்து, தாடியோடு எடுத்த படத்தை அஞ்சலட்டையாகவும் விற்ற கெட்டிக்காரி.

சரி, யார் பார்ப்பார்கள் என்றீர்கள். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்கள் பலருக்கு மோவாயில் ரோமம் வளர்வதுண்டு. பார்லரில் நூல் போட்டு எடுத்துவிட்டு வீட்டில் மூச்சு விடாமல் இருப்பவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்கள் பார்ப்பார்கள். டிக்கெட்டை மட்டும் உங்களுக்குத் தெரியாமல் எடுப்பார்கள்.