பதில்: 12 அடியில இருந்து டூப் குதிக்கலாமோ?

தம்பி, கிளிநொச்சியில எடுக்கிற குறும்படத்தில ஹீரோவுக்குப் பதிலா 12 அடி உயரப் பிளாட்டால, அதாவது தட்டைக் கூரையால, குதிக்கச் சொல்லினம், கீழ வைக்கல் போடுவினம், சம்பளத்துக்குப் பதிலா அடியாள் வேசம் தருவினம் எண்டு எழுதியிருந்தீங்கள். குதியாதேங்கோ.

நானும் முந்தி புளியங்குளத்தில வைக்கலை நம்பிக் குதிச்சவன்தான். பாக்க உயரமா இருக்கும். விழேக்க அமுங்கி, கால் நேர தரையில போய் இடிக்கும். கணுக்கால் வீங்கி மூண்டு மாசம் நொண்டினன். படத்தில என்ர முதுகு 2 செக்கன் வந்தது, பேரும் போடேல்ல.

தொழில்காரர் வெறும் காட்போட் பெட்டியளை அடுக்கி, சுத்திவரக் கயிறு கட்டி, மேல மெத்தை போடுவினம். பெட்டி நசுங்க நசுங்க வேகம் குறையும். விழுறதும் காலில இல்லை, நாடியை நெஞ்சோட ஒட்டி முதுகில. அது கனகாலம் பழகிற வேலை. அப்பிடிப் பழகின ஸ்டண்ட் கலைஞர் ஒருத்தரே 2025 ஜூலையில நாகபட்டினம் பக்கம் கார்க் காட்சியில செத்தவர்.

இயக்குனரிட்டச் சொல்லுங்கோ: ஹீரோ பிளாட்டில ஓடிவாறது ஒரு ஷொட். கமராவை நிலத்தோட வைச்சு, வாங்கில இருந்து குதிச்சு இறங்குறது அடுத்தது. ஒட்டினா ஒருத்தருக்கும் தெரியாது.

சென்னைக் கனவு எண்டால், வடபழனியில இருக்கிற ஸ்டண்ட் யூனியன்ர கார்ட் இல்லாமல் பெரிய படத்துச் சண்டையில நிக்கிறது கஷ்டம். சுற்றுலா விசாவில வேலை செய்யவும் ஏலாது.

அடியாள் வேசத்தை மட்டும் விடாதேங்கோ. ஒரு வசனமாவது கேட்டு வாங்குங்கோ.