கலியாணம் சிங்கப்பூரில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கனடா, லண்டன் பிள்ளைகள் கலியாணத்தைச் சிங்கப்பூரில் வைப்பது பெரும்பாலும் ஊரில் இருக்கிற சொந்தங்களுக்காகத்தான். இலங்கைக் கடவுச்சீட்டுக்குக் கனடாவும் பிரித்தானியாவும் வீசா கேட்கும், சிங்கப்பூர் கேட்காது. அது பற்றி வந்த கேள்விகள் இம்முறை.

பெறாமகளின் கலியாணத்துக்குக் குடும்பமாகப் பன்னிரண்டு பேர் போகிறோம். வீசா வேண்டாம் என்றால் பாஸ்போட்டும் ரிக்கெற்றும் போதுமா? அங்கே போனபிறகு திருப்பி அனுப்புகிறார்கள் என்றும் சொல்கிறார்களே. (ஒரு வாசகர், கிளிநொச்சி)

வீசா வேண்டாம் என்பது சரி. ஆனால் உள்ளே விடுவதா, எத்தனை நாளுக்கு விடுவது என்பதைச் சாங்கி விமான நிலையத்தில் இருக்கும் குடிவரவு அதிகாரிதான் தீர்மானிப்பார். திருப்பி அனுப்புவதும் நடக்கிறதுதான்.

முதலில் கடவுச்சீட்டு: போய் இறங்கும் நாளில் இருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். குறைவு என்றால் வவுனியா அலுவலகத்தில் இப்போதே புதுப்பியுங்கள். அடுத்தது எஸ்ஜி அரைவல் கார்ட் என்கிற ஒன்லைன் படிவம். போய் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், முந்தினால் ஏற்காது. கைக்குழந்தைக்கும் தனிப் படிவம். இது முற்றிலும் இலவசம். காசு கேட்கும் தளம் சிங்கப்பூர் குடிவரவுத் துறையினுடையது அல்ல, இடையில் நின்று பணம் பிடுங்குகிறவர்களுடையது. கடவுச்சீட்டில் முத்திரை குத்த மாட்டார்கள். எத்தனை நாள் தங்கலாம் என்பது மின்னஞ்சலில்தான் வரும். ஆகவே கொம்யூனிகேஷன் கடைக்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

அதிகாரி கேட்பது நாலைந்து கேள்விதான். ஏன் வந்தீர்கள், யாருடைய கலியாணம், எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள், ஊரில் என்ன தொழில். கூட்டமாகப் போகிறவர்கள் மாட்டுப்படுவது இங்கேதான். ஒருவர் கலியாணம் என்பார், மற்றவர் சுற்றிப்பார்க்க என்பார், ஹோட்டல் பெயரைக் கேட்டால் "தம்பிக்குத் தெரியும்" என்பார். தம்பி வேறு வரிசையில் நிற்பார். பெரியவர்கள் ஒவ்வொருவரும் தன் கையில் ஒரு கடித உறை வைத்திருங்கள்: அழைப்பிதழ், தன் பெயர் போட்ட ஹோட்டல் பதிவு, திரும்பும் ரிக்கெற், கூப்பிட்டவரின் தொலைபேசி எண், வங்கிப் புத்தகப் பிரதி. எல்லாம் தாளில் இருக்கட்டும். போனில் மட்டும் வைத்திருந்தால் சார்ஜ் இறங்கும், சிம் வேலை செய்யாது.

தொழில் கமம் என்றால் கமம் என்றே சொல்லுங்கள், வயல் உறுதியின் பிரதி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆங்கிலத்தில் தடுமாறி முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வதைவிட, தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்பதே மேல்.

மகன் கனடாவில் இருந்து ரிக்கெற் போட்டுவிட்டார். என் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர். பாஸ்போட்டில் அப்பா பெயர். பரவாயில்லையா? (ஒரு வாசகி, முள்ளியவளை)

பரவாயில்லை என்று விடக்கூடாது. கட்டுநாயக்கவில் போர்டிங் பாஸ் கொடுக்கிறவர் கடவுச்சீட்டை வைத்துத்தான் பெயரைப் பார்ப்பார். உடனே மகனிடம் சொல்லி விமான நிறுவனத்தில் திருத்துங்கள். இது நாள் நெருங்க நெருங்கச் செலவும் சிக்கலும் கூடுகிற வேலை. இனிமேல் ரிக்கெற் போடுகிறவருக்குப் பெயரைச் சொல்லாதீர்கள், கடவுச்சீட்டின் படப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

பொம்பிளைக்கு ஒரு பவுணில் சங்கிலி கொண்டுபோகிறோம். நாங்களும் நகை போட்டுப் போவோம். சுங்கத்தில் பிடிப்பார்களா? (ஒரு வாசகி, புதுக்குடியிருப்பு)

இரண்டும் வெவ்வேறு கணக்கு. நீங்கள் அணிந்து போகும் பழைய நகைக்குச் சிங்கப்பூரில் வரி இல்லை. புதுச் சங்கிலி அப்படியல்ல. சிங்கப்பூருக்கு வெளியே 48 மணி நேரத்துக்கு மேல் இருந்து வருகிறவருக்கு, கொண்டுவரும் புதுப் பொருள்களில் 500 சிங்கப்பூர் டொலர் வரை ஜிஎஸ்டி என்கிற பொருள் சேவை வரியில் விலக்கு உண்டு. அதற்கு மேற்பட்ட தொகைக்கு 9 வீதம். சங்கிலி 1,100 டொலர் என்றால் மிச்சம் 600 டொலருக்கு வரி 54 டொலர். இப்போதைய விலையில் அரைப் பவுண் மோதிரமே 500 டொலரைத் தாண்டும். ஒரு சங்கிலியை இரண்டு பேர் கணக்கில் பிரிக்கவும் முடியாது. கடை ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, வரி கட்ட வேண்டியவர்களுக்கான சிவப்பு வழியால் போய்த் தாங்களாகவே சொல்லிக் கட்டுங்கள். சொல்லாமல் பச்சை வழியால் போய்ப் பிடிபட்டால் அது குற்றம். பரிசைக் காசாகவே கொடுப்பது எங்கள் கணிப்பில் நல்ல வழி.

திரும்பி வரும்போது கேள்வி கேட்பது நம் சுங்கம். அணிந்துபோகும் நகை கொஞ்சம் கூட என்றால், புறப்படும்போதே கட்டுநாயக்கவில் சுங்க அதிகாரியிடம் காட்டிப் பதிந்து எழுத்தில் வாங்குங்கள். அதற்கு அரை மணி முந்திப் போக வேண்டும்.

அம்மா புகையிலை இல்லாமல் வெற்றிலை போடமாட்டா. சொந்தக்காரர் கருவாடும் தேனும் கேட்கிறார்கள். மாமாவுக்கு ஒரு போத்தல் சாராயம். எதை விடுவார்கள்? (ஒரு வாசகர், மாங்குளம்)

புகையிலையை வீட்டிலேயே வையுங்கள். மெல்லும் புகையிலை அங்கே தடை. சுவிங்கமும் மின்சிகரெட்டும் அப்படியே. சிகரெட்டுக்கு ஒரு பெட்டிகூட வரிவிலக்கில் இல்லை. அம்மா புகையிலை இல்லாமல் வெற்றிலை போடலாம், ஆனால் துப்புவதற்கு ஒரு மூடி போட்ட டப்பா கைப்பையில் இருக்க வேண்டும். தெருவில் துப்பினால் அபராதம்.

கருவாட்டைத் தனிப்பட்ட பாவனைக்கு அளவாக, காற்றுப்புகாமல் இரட்டைப் பை போட்டுக் கொண்டுபோகலாம். தேனைப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள், கைப்பொதியில் 100 மில்லிலீற்றருக்கு மேல் திரவம் விடமாட்டார்கள். இறைச்சி எந்த வடிவத்திலும் வேண்டாம். சாராயம் ஒரு லீற்றர் வரை சரி, 18 வயது நிரம்பியவர் கொண்டுபோக வேண்டும். மாமாவிடம் இன்னொன்றும் சொல்லிவையுங்கள்: பொது இடத்தில் இரவு 10.30 முதல் காலை 7 வரை குடிக்கக்கூடாது. லிட்டில் இந்தியாவில் சனி காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை முழுதாகவே தடை.

அம்மாவின் பிரஷர், சீனி மருந்துகளை மூன்று மாத அளவுக்குள், மருத்துவர் சீட்டோடு கொண்டுபோங்கள். நித்திரைக் குளிசையோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ இருந்தால், சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும்.

பதினைந்து பேருக்கு ஹோட்டல் கட்டுப்படியாகாது. ஒன்லைனில் ஒரு வீடு நாலு நாளுக்கு எடுக்கலாமா? (ஒரு வாசகர், வவுனியா)

எடுக்காதீர்கள். தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்குக் கொடுப்பது அங்கே சட்டவிரோதம், அரசாங்க அடுக்குமாடி என்றால் ஆறு மாதம். அந்த விலாசத்தைக் குடிவரவில் எழுதிக்கொடுப்பது வில்லங்கத்தை விலைக்கு வாங்குவது. சொந்தக்காரர் வீட்டில் தங்குவது பிரச்சினை இல்லை.

நான் அரசாங்க ஆசிரியை. பாடசாலை விடுமுறையில்தான் போகிறேன். லீவு எடுக்க வேண்டுமா? (ஒரு வாசகி, மல்லாவி)

விடுமுறைக் காலமானாலும் வெளிநாட்டு லீவு அனுமதி வேண்டும். அதிபர் ஊடாக வலயக் கல்வி அலுவலகத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.

விமான நிலையத்தில் இருந்து லிட்டில் இந்தியாவுக்கு ரெயினில் போகலாமா? எல்லாப் பெண்களும் சேலை. (ஒரு வாசகி, ஒட்டுசுட்டான்)

போகலாம், லேசு. சாங்கி ஏர்போர்ட் நிலையத்தில் ஏறி அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி, டவுன்டவுன் பாதைக்கு மாறினால் நேரே லிட்டில் இந்தியா. ரெயின் நள்ளிரவோடு நின்றுவிடும். ரெயின் கட்டணத்துக்கு ஆளுக்கொரு கார்ட் வேண்டும், ஒன்றை வைத்து இரண்டு பேர் போக முடியாது. உள்ளே தண்ணீர் குடித்தாலும் அபராதம், 500 டொலர் வரை.

நகரும் படிதான் கவனம். நம் ஊரில் கண்டதைவிட வேகமாக ஓடும். கொசுவத்தின் கீழ்க் கரை, படிக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையிலுள்ள இடுக்கில் போய்ச் செருகும். ஏறுமுன் கொசுவத்தை ஒரு கையால் கணுக்காலுக்கு மேலே தூக்குங்கள், முந்தானையை இடுப்பில் செருகுங்கள், மஞ்சள் கோட்டுக்குள் இடப்பக்கமாக நில்லுங்கள். மாட்டினால் இழுக்கக் கூடாது, இழுத்தால் இன்னும் உள்ளே போகும். மேல் முனையிலும் கீழ் முனையிலும் சிவப்புப் பொத்தான் இருக்கிறது, அதை அமத்தச் சொல்லிக் கத்துங்கள். பெட்டியோடு நிற்கிறவர்களுக்கு லிஃப்ட் இருக்கிறது.

பதிவுக் கலியாணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் போடலாமா? (ஒரு வாசகர், பூநகரி)

போடலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். கடவுச்சீட்டின் மூலப்பிரதி கையில் இருக்கட்டும், போட்டோப்பிரதி செல்லாது. நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். காலை 7 மணிக்குப் பதிவு என்றால் உங்கள் உடம்புக்கு அது 4.30. போனில் நேரம் தானாக மாறிவிடும், கைக்கடிகாரத்தை நீங்கள்தான் திருப்ப வேண்டும்.